எஃகுத் தகடு–கான்கிரீட் கூட்டுச் சுவர்: அமுக்கச் சுமையைக் கணிக்கத் தொடங்குபவருக்கு

இரண்டு எஃகுத் தகடுகளை எதிரெதிரே நிறுத்தி, அவற்றின் உட்புறத்தில் தலைகொண்ட ஸ்டட்களை (ஆணி போன்ற குட்டை எஃகுத் தண்டுகளை) பற்றவைத்து, இரு தகடுகளையும் குறுக்கே டை ராடுகளால் (இழுத்துப் பிடிக்கும் கம்பிகளால்) பிணைத்து, நடுவில் கான்கிரீட்டை நிரப்பினால் கிடைப்பதே எஃகு–கான்கிரீட் கூட்டுச் சுவர். இதில் கம்பி கட்டும் வேலையும் இல்லை, சென்ட்ரிங் பலகை அடித்துப் பிரிக்கும் வேலையும் இல்லை. கான்கிரீட் ஊற்றும்போது அச்சாக நிற்கும் தகடே பின்னர் வலுவூட்டலாகவும் நிலைத்துவிடுகிறது. ஏபி1000 வகை அணு உலைகளின் காப்புக் கட்டடத்தில் இந்த முறை கையாளப்பட்டது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 58 மாடிகள் கொண்ட ரெய்னியர் ஸ்கொயர் கோபுரத்தின் மையச் சுவர்கள் இவ்வகையில் எழுப்பப்பட்ட பிறகு, உயரமான கட்டடங்களை வடிவமைப்பவர்களின் கவனமும் இதன்மேல் திரும்பியிருக்கிறது.

சென்னையில் கட்டமைப்புப் பொறியியலை முதுநிலையில் படிப்பவர்களும் வடிவமைப்பு அலுவலகங்களில் புதிதாகச் சேர்ந்தவர்களும் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: எஃகின் பரப்பை அதன் யீல்டு தகைவால் (எஃகு நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் தகைவால்) பெருக்கி, கான்கிரீட்டின் பரப்பை அதன் வலிமையால் பெருக்கி, இரண்டையும் கூட்டினால் போதாதா? கூட்டலாம். ஆனால் அந்தத் தொகை உண்மையாக இருக்க வேண்டுமானால், கான்கிரீட் நசுங்கும் நிலையை எட்டும் வரை தகடு அதைவிட்டு விலகி நெளியாமல் இருக்க வேண்டும். அந்த நிபந்தனை நிறைவேறுமா என்பதை ஸ்டட்களின் இடைவெளிக்கும் தகட்டின் தடிமனுக்கும் உள்ள விகிதம் தீர்மானிக்கிறது. ஆகவே இங்கே அந்த விகிதத்துக்கே அதிக இடம் தந்திருக்கிறேன்.

விதித்தொகுப்புகளை எடுத்து வைப்பது

மேசையில் நான்கு நூல்கள் இருக்கட்டும். இந்தியத் தரநிலைகளில் (ஐ.எஸ்.) கான்கிரீட்டுக்கு ஐ.எஸ். 456 (2000), எஃகுக்கு ஐ.எஸ். 800 (2007), கூட்டுக் கட்டுமானத்துக்கு 2022-ல் திருத்தப்பட்ட ஐ.எஸ். 11384, இவற்றோடு அமெரிக்க எஃகுக் கட்டுமான நிறுவனத்தின் 360 என்னும் விதித்தொகுப்பின் 2022-ஆம் ஆண்டுப் பதிப்பு. நம் 11384 உத்திரம், தூண் போன்ற உறுப்புகளை மையமாகக் கொண்டது. இரட்டைத் தகட்டுச் சுவருக்கான தகட்டு விகிதங்களும் விறைப்புச் சூத்திரமும் அமெரிக்க நூலில் நேரடியாகக் கிடைக்கின்றன. ஒரு நூலின் வலிமைச் சூத்திரத்தை எடுத்துக்கொண்டு இன்னொரு நூலின் பாதுகாப்புக் காரணிகளால் அதை வகுக்கும் தவறு புதியவர்களிடம் அடிக்கடி நேர்கிறது. முதலில் காரணி எதுவும் சேர்க்காத வலிமையைக் கண்டுபிடியுங்கள். பிறகு ஒரே நூலின் காரணிகளை முழுமையாகப் பயன்படுத்துங்கள். இன்னொரு சிக்கல் கான்கிரீட்டின் வலிமையில் இருக்கிறது. நாம் எம்40 என்று சொல்லும்போது சதுர மி.மீ.க்கு 40 நியூட்டன் என்னும் கனசதுர வலிமையைக் குறிப்பிடுகிறோம். அமெரிக்க நூல் உருளை வலிமையைக் கேட்கிறது. உருளை வலிமையைக் கனசதுர வலிமையில் ஏறத்தாழ 0.8 பங்காகக் கொள்வது வழக்கம். எம்40-க்கு அது 32 ஆகும்.

முதல் கணக்கு: கூட்டுத்தொகை

ஓர் எடுத்துக்காட்டை இறுதிவரை பிடித்துக்கொள்வோம். சுவரின் மொத்தத் தடிமன் 300 மி.மீ. இருபுறமும் 8 மி.மீ. தடிமனுள்ள இ250 தரத் தகடுகள் (யீல்டு தகைவு சதுர மி.மீ.க்கு 250 நியூட்டன்). நடுவில் 284 மி.மீ. எம்40 கான்கிரீட். மாடியின் உயரம் 3.3 மீட்டர். கணக்கை ஒரு மீட்டர் நீளச் சுவருக்குச் செய்கிறோம்.

எஃகின் பரப்பு 16,000 சதுர மி.மீ.; அதை 250-ஆல் பெருக்கினால் 4,000 கிலோநியூட்டன். கான்கிரீட்டின் பரப்பு 2,84,000 சதுர மி.மீ.; அதை உருளை வலிமையின் 0.85 பங்கான 27.2-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 7,725 கிலோநியூட்டன். ஆக மொத்தம் 11,725. இதே சுவரை நம் நாட்டுக் காரணிகளோடு பார்த்தால், எஃகுக்கு 250-ஐ 1.1-ஆல் வகுத்தும், கான்கிரீட்டுக்கு கனசதுர வலிமையில் 0.45 பங்கை எடுத்தும், முறையே 3,636, 5,112 எனக் கூட்டுத்தொகை 8,748 கிலோநியூட்டன் வருகிறது. குறுக்குவெட்டில் எஃகு 5.3 விழுக்காடுதான், ஆனால் சுமையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை அது ஏற்கிறது. தகடு நெளிந்தால் நாம் இழப்பது அந்தப் பங்கைத்தான்.

இந்தக் கூட்டலுக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. இரண்டு பொருள்களும் ஒரே திரிபில் (நீளம் எவ்வளவு பங்கு குறைகிறது என்னும் அளவில்) தங்கள் உச்சத்தில் இருக்க வேண்டும் என்பதே அது. ஐ.எஸ். 456 நேர் அமுக்கத்தில் கான்கிரீட்டின் எல்லைத் திரிபை 0.002 என்கிறது. இ250 தகடு 0.00125 திரிபிலும் இ350 தகடு 0.00175 திரிபிலும் யீல்டு ஆகிவிடுவதால், கான்கிரீட் உச்சத்தை எட்டும்போது தகடு தன் முழுப் பங்கையும் கொடுத்துக்கொண்டிருக்கும். இ450 தகட்டுக்கு அந்தத் திரிபு 0.00225, கான்கிரீட் முந்திக்கொள்கிறது. எனவே விலை கூடிய உயர்தர எஃகை அமுக்கச் சுவரில் போட்டால் அதன் வலிமை முழுவதும் கைக்கு வராது.

வட்டக் குழாயில் கான்கிரீட்டை நிரப்பினால் குழாய் அதை இறுக்கிப் பிடித்து அதன் வலிமையைக் கூட்டும். தட்டையான தகட்டால் அதைச் செய்ய முடியாது. உள்ளிருந்து தள்ளினால் அது வெளிப்பக்கம் வளைந்துகொடுக்கும். ஆகையால் இத்தகைய சுவரில் இறுக்கத்தால் வரும் கூடுதல் வலிமையைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இரண்டாம் கணக்கு: ஸ்டட் இடைவெளி

தகட்டின் பின்னால் கான்கிரீட் இருப்பதால் அது உள்நோக்கி நெளிய வழியில்லை; வெளிநோக்கி மட்டுமே நெளியும். ஒரு ஸ்டட் வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் நடுவே உள்ள தகட்டுப் பட்டையை, இரு முனைகளும் பிடிக்கப்பட்ட ஒரு குட்டித் தூணாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முனைகள் முழுமையாகப் பிடிக்கப்பட்டிருந்தால் அதன் செயல்நீளம் இடைவெளியில் பாதி. ஆனால் ஸ்டட் என்பது ஒரு புள்ளிப் பிடிப்பு. அதைச் சுற்றியுள்ள கான்கிரீட்டும் சற்று இளகும். அதனால் செயல்நீளத்தை இடைவெளியில் 0.7 பங்காக எடுத்துக்கொள்வது சோதனைகளோடு நன்றாகப் பொருந்துகிறது. மீட்சிக் குணகத்தை 2 லட்சமாக வைத்து, தூண் எந்தச் சுமையில் நெளியும் என்று சொல்லும் ஆய்லர் சூத்திரத்தை எளிமைப்படுத்தினால், தகடு நெளியும் தகைவு என்பது 3,35,700-ஐ விகிதத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைக்கும் எண். இந்த ஒரு எண்ணைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்துக்கொள்ளச் சொல்வேன்.

8 மி.மீ. தகட்டில் ஸ்டட் இடைவெளி 200 என்றால் விகிதம் 25. நெளியும் தகைவு 537 வருகிறது. தகடு அதற்கு வெகுமுன்பே யீல்டு ஆகிவிடும். ஆகவே கூட்டல் செல்லும். இடைவெளி 320 என்றால் விகிதம் 40, தகைவு 210. தகடு யீல்டு ஆகுமுன்பே நெளிந்துவிடும். இடைவெளி 400 என்றால் தகைவு 134-க்கு இறங்கிவிடும். 4,000 கிலோநியூட்டனாக இருந்த எஃகின் பங்கு ஏறத்தாழ 2,150 ஆகிவிடும். ஸ்டட்களில் சிக்கனம் பிடித்ததற்கு எஃகுத் தகட்டில் பாதியை விலையாகக் கொடுக்கிறோம்.

அணு உலைக் கட்டடங்களுக்கான அமெரிக்க விதி, எஃகின் மீட்சிக் குணகத்தை யீல்டு தகைவால் வகுத்து வர்க்கமூலம் எடுத்து, அதையே விகிதத்தின் எல்லையாக வைக்கிறது. இ250-க்கு அது 28.3. பொதுக் கட்டடங்களுக்கான 2022-ஆம் ஆண்டுப் பதிப்பு அதை 1.2-ஆல் பெருக்கி 33.9 வரை அனுமதிக்கிறது. நம் 8 மி.மீ. தகட்டுக்கு முதல் எல்லை 226 மி.மீ., இரண்டாவது 271 மி.மீ. நான் 200-ஐத் தேர்ந்தெடுப்பேன். காரணம் கடற்காற்று. திருவான்மியூரிலும் எண்ணூரிலும் வெளிப்புறச் சுவரின் தகடு காலப்போக்கில் ஒரு மி.மீ. அரிக்கப்பட்டால், அந்தத் தகட்டின் பரப்பில் எட்டில் ஒரு பங்கு போவதோடு, 25 ஆக இருந்த விகிதம் 28.6 ஆக ஏறிவிடும், 250 மி.மீ. இடைவெளியில் தொடங்கியவருக்கோ 31.3 என்பது 35.7 ஆகி, தளர்வான எல்லையையும் தாண்டிவிடும். துத்தநாகம் மிகுந்த பிரைமரும் மேற்பூச்சும் இங்கே கட்டமைப்புக் கணக்கின் பகுதியாகவே ஆகிவிடுகின்றன.

இ350 தகட்டுக்கு மாறுபவர்கள் இடைவெளியையும் குறைக்க வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். யீல்டு தகைவு கூடக்கூட எல்லை விகிதம் சுருங்குகிறது, 28.3 ஆக இருந்தது 23.9 ஆகிறது.

ஸ்டட்டின் விட்டம் தகட்டின் தடிமனைப் போல் இரண்டரை மடங்கைத் தாண்டக் கூடாது, 8 மி.மீ. தகட்டுக்கு 20 மி.மீ. வரைதான். பற்றவைப்பைப் பார்வையிடும்போது ஒரு சிறு சுத்தியலை எடுத்துச் செல்லுங்கள். நன்றாகப் பிடித்த ஸ்டட்டைத் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். அடிவாரத்தில் வளையம் முழுமையாக உருவாகாத ஸ்டட் மந்தமாக ஒலிக்கும். ஐயம் வந்த ஸ்டட்டை அடித்து வளைத்துப் பார்க்க வேண்டும். மாதிரிக்கு எடுக்கும் ஸ்டட்களை 30 பாகை வரை வளைத்தும் பற்றவைப்பு விரிசல் விடாவிட்டால் நம்பலாம்.

கான்கிரீட் ஊற்றும் நாள்

புதியவர்கள் மிக எளிதாகத் தவறவிடுவது இந்தப் படியைத்தான். கான்கிரீட் இறுகிய பிறகுதான் ஸ்டட் வேலை செய்யத் தொடங்குகிறது. ஈரக் கான்கிரீட்டில் அது வெறுமனே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கம்பி. அந்தச் சில மணி நேரம் தகடுகளைப் பிடித்து நிறுத்துவது டை ராடுகள் மட்டுமே. ஆகவே தகட்டுக்கு இரண்டு இடைவெளிகள் உண்டு: ஊற்றும் நாளில் டை ராடுகளின் இடைவெளி, அதன்பின் ஸ்டட்களின் இடைவெளி.

3 மீட்டர் உயரத்தைத் தானே பரவும் கான்கிரீட்டால் ஒரே மூச்சில் நிரப்பினால், அடியில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 72 கிலோநியூட்டன் அழுத்தம் வரும். டை ராடுகள் 600 மி.மீ. இடைவெளியில் இருந்தால், ஒருதிசைப் பட்டையாகக் கணக்கிட்டாலே 8 மி.மீ. தகட்டில் வளைவுத் தகைவு 200-ஐத் தொட்டுவிடும்; நடுவில் 2.6 மி.மீ. புடைப்பு வரும். டை ராடு புள்ளிப் பிடிப்பு என்பதால் உண்மைப் புடைப்பு இன்னும் கூடுதலாகவே இருக்கும். கான்கிரீட் இறுகியதும் அந்தப் புடைப்பு அப்படியே உறைந்து, தகடு நெளிவதற்குத் தயாராக வளைந்த நிலையிலேயே வாழ்நாளைத் தொடங்குகிறது. இடைவெளியை 400-ஆகக் குறைத்தால் தகைவு 90-க்கும் புடைப்பு அரை மி.மீ. அளவுக்கும் இறங்கிவிடுகிறது. எனவே எடுத்துக்காட்டுச் சுவருக்கு 400 மி.மீ. கட்டத்தில் டை ராடுகளையும், அவற்றுக்கு நடுவே 200 மி.மீ. கட்டத்தை நிரப்பும்படி ஸ்டட்களையும் வைப்பேன். உயரத்தை இரண்டு கட்டங்களாகப் பிரித்து ஊற்ற முடிந்தால் அழுத்தம் பாதியாகும். அதற்காகத் தளத்தில் வாதாடுவது தகும்.

கத்திரி வெயிலில் தகட்டின் மேல் கையை வைக்க முடியாது. மாலை சாய்ந்த பிறகோ விடியற்காலையிலோ ஊற்றுவதே நல்லது. சூடான தகட்டோடு ஒட்டும் கான்கிரீட் முந்தி இறுகுவதால் அந்த இடத்தில் வெற்றிடங்கள் உருவாகின்றன. மறுநாள் குளிர்ந்த பிறகு சுத்தியலின் பிடிப்புறத்தால் தகட்டைக் கட்டம் கட்டமாகத் தட்டிப் பாருங்கள்; வெற்றிடம் உள்ள இடம் காலிப் பானையைப் போல ஒலிக்கும். அந்த இடங்களைச் சாக்கட்டியால் வட்டமிட்டு, துளையிட்டுக் கிரவுட் (நீர்த்த சிமென்ட் கலவை) செலுத்த வேண்டும். தீவிபத்தின்போது உள்ளே உருவாகும் நீராவி வெளியேறுவதற்கான சிறு துளைகளைத் தகட்டில் விட்டிருக்க வேண்டும்; கிரவுட் செலுத்தும் அவசரத்தில் அவற்றையும் சேர்த்து அடைத்துவிடக் கூடாது.

உயரமும் மையவிலகலும்

இது விரைவாக முடியும் கணக்கு. சுவரின் பயனுறு விறைப்பு என்பது எஃகின் முழு விறைப்போடு கான்கிரீட்டின் விறைப்பில் 0.35 பங்கைச் சேர்த்தது. நம் சுவருக்கு 3.3 மீட்டர் உயரத்தில் ஆய்லர் சுமை ஏறத்தாழ 81,000 கிலோநியூட்டன் வருகிறது. 11,725-ஐ அதனால் வகுத்தால் 0.145, அமெரிக்க நூலின் சூத்திரத்தில் வரும் 0.658 என்னும் எண்ணை அந்த அடுக்குக்கு உயர்த்தினால் 0.94. ஆக வலிமை 11,035 கிலோநியூட்டனாகக் குறைகிறது. இழப்பு 6 விழுக்காடு. அதே சுவர் நுழைவுக்கூடத்தில் 6 மீட்டர் உயரத்துக்குத் தளப்பிடிப்பின்றி நின்றால் இழப்பு 18 விழுக்காடு. வழக்கமான மாடி உயரத்தில் சுவர் முழுவதுமாக வளைவதைப் பற்றிக் கவலைப்படுவதைவிட, தகடு நெளிவதைப் பற்றிக் கவலைப்படுவதே பயன்தரும் என்பதற்கு இந்த எண்களே சான்று.

சுமை சரியாக மையத்தில் இறங்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஐ.எஸ். 456 சுவருக்குக் குறைந்தது தடிமனில் 0.05 பங்கு மையவிலகலை எடுக்கச் சொல்கிறது. நமக்கு அது 15 மி.மீ. மாடித்தளம் ஒரு பக்கத் தகட்டில் மட்டும் வந்து இணையும் இடங்களில் விலகல் இதைவிடக் கூடும் என்பதோடு, அந்தச் சுமை முதலில் முழுவதும் தகட்டில் ஏறி, பிறகு ஸ்டட்களின் வழியாகவே கான்கிரீட்டுக்குப் போக வேண்டும். அந்த மாற்றத்துக்குத் தேவையான ஸ்டட்களைத் தனியாக எண்ணிப் பாருங்கள். நெளிவைத் தடுப்பதற்காக வைத்த எண்ணிக்கை அங்கே போதாமல் போகலாம். காலப்போக்கில் கான்கிரீட் தவழ்ந்து (நீடித்த சுமையில் மெல்லச் சுருங்கி) தன் சுமையில் ஒரு பகுதியைத் தகட்டிடம் ஒப்படைக்கும் என்பதையும் அன்றாடச் சுமைக் கணக்கில் நினைவில் வைக்க வேண்டும். ஐ.எஸ். 1893-இன் 2016-ஆம் ஆண்டுப் பதிப்பு சென்னையை மூன்றாம் நிலநடுக்க மண்டலத்தில் வைத்திருக்கிறது; அமுக்கத்தோடு பக்கவாட்டு வெட்டுவிசையும் சேரும் கணக்கை இதை முடித்த பிறகு தனியாகச் செய்ய வேண்டும்.

ஒரு மாதிரியை நசுக்கிப் பார்ப்பது

கணக்கு எழுதியவர் ஒரு முறையாவது ஒரு சுவர் உடைவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். தரமணியில் உள்ள மத்திய அரசின் கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையமும், ஐ.ஐ.டி.யும், கிண்டிப் பொறியியல் கல்லூரியும் இருக்கும் ஊரில் இருந்துகொண்டு கணினி மாதிரியோடு நிறுத்திக்கொள்வது வருத்தத்துக்குரியது.

முதலில் எந்திரத்தின் கொள்ளளவைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதிலிருந்து பின்னோக்கி மாதிரியின் அளவைத் தீர்மானியுங்கள். 600 மி.மீ. நீளம், 150 மி.மீ. தடிமன், 4 மி.மீ. தகடுகள், எம்40 கான்கிரீட் என்ற சிறிய மாதிரிக்கே ஏறத்தாழ 3,500 கிலோநியூட்டன் தேவைப்படும். சந்தையில் வாங்கும் தகடு குறிப்பிட்ட யீல்டு தகைவைவிடக் கூடுதலாகத் தாங்குவது வழக்கம் என்பதால், 5,000 கிலோநியூட்டன் எந்திரம் இருந்தால்தான் நிம்மதியாகச் சோதிக்கலாம். அதே தகட்டிலிருந்து வெட்டிய பட்டைகளை இழுவிசைச் சோதனைக்கு அனுப்புங்கள். கனசதுரங்களைச் சுவர் சோதிக்கப்படும் அதே நாளில் நசுக்குங்கள்.

நான் ஆய்வகத்தில் செய்த முதல் மாதிரி, கணக்கிட்ட சுமைக்கு வெகுகீழேயே மேல் விளிம்பில் பிதுங்கிவிட்டது. நடுப்பகுதிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஸ்டட்களை நடுவில் நேர்த்தியாகக் கட்டம் கட்டிவிட்டு, விளிம்புக்கும் முதல் வரிசைக்கும் இடையே முழு இடைவெளியை அப்படியே விட்டிருந்தேன். விளிம்புத் தகட்டுக்கு மறுபக்கப் பிடிப்பு இல்லை. அதோடு மேற்பரப்பு இரண்டு மி.மீ. சாய்ந்திருந்தது. அதன்பிறகு விளிம்பிலிருந்து முதல் வரிசையை அரை இடைவெளியில் வைக்கிறேன். மேற்பரப்பில் ஜிப்சம் சாந்தைப் பரப்பி, எந்திரத்தின் தலையை மெல்ல இறக்கி, சாந்து இறுகும் வரை காத்திருக்கிறேன். எதிர்பார்க்கும் சுமையில் பத்தில் ஒரு பங்கை ஏற்றி, நான்கு மூலைகளின் அளவீடும் ஒத்துவருகிறதா என்று பார்த்த பிறகே சோதனையைத் தொடங்குகிறேன்.

ஸ்ட்ரெயின் கேஜ்களை (திரிபை அளக்கும் சிறு உணரிகளை) இரண்டு ஸ்டட் வரிசைகளுக்குச் சரியாக நடுவில், தகட்டின் வெளிமுகத்தில் ஒட்டுங்கள். சுமை ஏற ஏற அமுக்கத் திரிபு நேராக ஏறும். தகடு வெளிப்பக்கம் புடைக்கத் தொடங்கியதும் அந்த இடத்தின் வெளிமுகம் விரிவதால், ஏறிக்கொண்டிருந்த அளவு தயங்கி நின்று, பிறகு திரும்பி இறங்கும். அந்தத் திருப்பம் எந்தச் சுமையில் வந்தது என்பதே உங்கள் விகிதக் கணக்குக்கான நேரடி விடை.

கேஜ் ஒட்டாத இடங்களைக் கண்காணிக்கத் தகடு முழுவதும் நீர்த்த சுண்ணாம்பைப் பூசிவிடுங்கள். யீல்டு ஆகும் இடத்தில் சுண்ணாம்பு மெல்லிய சாய்கோடுகளாக உதிரத் தொடங்கும். ஒளி சாய்வாக விழும்படி ஒரு விளக்கை வைத்தால் புடைப்பின் நிழலும் கண்ணுக்குத் தெரியும். விகிதம் 25 உள்ள மாதிரியில் முதலில் கோடுகள் தோன்றும், பிறகே புடைப்பு வரும். விகிதம் 50 உள்ள மாதிரியில் கோடு ஒன்றுகூட இல்லாமல் புடைப்பு வந்துவிடும். உச்சச் சுமைக்கு அருகில் கான்கிரீட் பக்கவாட்டில் விரிந்து தகடுகளை வெளியே தள்ளுவதால், டை ராடுகள் இழுவிசையில் வேலை செய்யத் தொடங்கும். எனவே இரண்டு டை ராடுகளிலாவது, கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்பே கேஜ் ஒட்டி வைத்திருக்க வேண்டும்.

சுமை உச்சத்தைக் கடந்து இறங்கியதும் சோதனையை நிறுத்திவிடாமல், உச்சத்தில் 80 விழுக்காட்டுக்கு இறங்கும் வரையாவது தொடருங்கள். பிறகு புடைத்த இடத்தில் அளவுநாடாவை வைத்து, புடைப்பு எந்த வரிசையில் தொடங்கி எந்த வரிசையில் முடிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அது அடுத்தடுத்த இரு வரிசைகளுக்குள் அடங்கியிருந்தால் ஸ்டட்கள் தாங்கியிருக்கின்றன. ஒரு வரிசையைத் தாண்டி நீண்டிருந்தால், அந்தத் தகட்டைக் கிரைண்டரால் அறுத்துத் திறந்து, ஸ்டட் பற்றவைப்பில் விட்டதா, கான்கிரீட்டைக் கூம்பாகப் பெயர்த்துக்கொண்டு வந்ததா என்று பாருங்கள். முதலாவது பற்றவைத்தவரிடம் பேச வேண்டிய செய்தி. இரண்டாவது என்றால் அடுத்த மாதிரிக்கு ஸ்டட்டின் நீளத்தைக் கூட்ட வேண்டும்.